பார்லிக்கு வந்த கூரை

குளிரையும் வறட்சியையும் தாங்கும் பார்லி வகையொன்றை மேட்டுநில விவசாயிகளுக்காக உருவாக்க வேண்டும் என்று மேலிடத்தில் தீர்மானம் ஆனது. அதற்குப் பொருத்தமான இடமாகத் தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் தெரிவு செய்யப்பட்டது. குளிருக்கு இங்கே குறைவில்லை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்வதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

திட்ட உத்தியோகத்தர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கோப்பில் இல்லாத எதையும் நம்பமாட்டார். பயிர் முளைத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கோப்பில் வறண்ட நிலம் என்று எழுதியிருக்க, நிலம் நனையலாமா? மூன்றே நாளில் புதுத் தகரம் வந்து பார்லிப் பாத்திக்குக் கூரை ஏறியது.

தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் ஆறாம் அறையில், அதாவது ஆறாம் காம்பராவில், இருக்கும் வேலாயி அதை நின்று பார்த்தாள். அவள் தன் கூரைக்கு விண்ணப்பம் கொடுத்து நாலு வருஷம். காம்பராவில் ஒழுகாத மூலை ஒன்றுதான் மிச்சம். அங்கேதான் மகள் லோஜினி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அந்த மூலையும் ஒழுகி, விஞ்ஞானப் புத்தகம் ஊறிப்போனது. வேலாயிக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கும்தான்.

நேரே கனகலிங்கத்திடம் போனாள்.

"ஐயா, பார்லிக்கு மூணு நாள்ல தகரம் போட்டுட்டீங்க. எம் புள்ளைக்கு எப்பங்க?"

"பார்லி திட்டத்தில இருக்கு, வேலாயி. உங்கட பிள்ளை இல்லையே."

பதில் நியாயமாகவே இருந்தது. வேலாயி பாத்திப் பக்கம் நடந்தாள். நெருக்கம் என்று பாத்தியிலிருந்து பிடுங்கிப் போட்ட நாற்றில் ஒரு பிடி அள்ளி வந்து, அடுப்படி மண்தரையைக் கொத்தி நட்டாள். பிறகு, ஆறாம் காம்பராவில் பார்லி நனைகிறது என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தாள். கனகலிங்கம் வந்து, குனிந்து எண்ணி, பரிசோதனைப் பாத்தி இலக்கம் இரண்டு என்று பதிந்தார். மூன்றாம் நாள் கூரை மாறியது.

அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? ஒரே வாரத்தில் லயத்தின் பன்னிரண்டு காம்பராவிலும் பார்லி. கட்டிலுக்கு அடியில் பார்லி, அம்மி ஓரத்தில் பார்லி. பன்னிரண்டுக்கும் தகரம் வந்தது. ஆபீசை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. பரிசோதனைப் பாத்திகளுக்குள் ஆட்கள் மூச்சு விடுவதாலும் சோறு வடிப்பதாலும் ஈரப்பதன் கூடுவது அவதானிக்கப்பட்டுள்ளதாம். ஆகவே அறுவடை முடியும்வரை அங்கே மனிதர் வசிப்பதைத் தவிர்க்குமாறு தயவுடன் அறிவிக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு கதவிலும் பூட்டுத் தொங்கியது.

இப்போது லயத்துச் சனமெல்லாம் வெளியே இழுத்துக் கட்டிய தறப்பாள் விரிப்புக்குக் கீழே இருக்கிறது. பரீட்சைக்குப் பத்து நாள்தான். லோஜினி பாடப் புத்தகத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்துப் படிக்கிறாள். நேற்று கனகலிங்கம் குடையோடு வந்து எங்களை வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள் மழை. ஒருத்தரும் சாகேல்ல" என்று குறித்துக்கொண்டார்.

"அதுக்கு என்னங்க ஐயா?" என்றாள் வேலாயி.

"நீங்கள் எதையும் தாங்கிற ஆக்கள். தோட்டத்தில மிச்சமிருக்கிற கூரை விண்ணப்பங்களை இனி மூடிவிடலாம்."

சொன்னால் வெட்கம். அதைக் கேட்டு எங்களில் சிலருக்குப் பெருமையாகவும் இருந்தது.