சுறாக் கூண்டும் குனோங் ராபாட் கூடாரமும்

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு என் மகள் கடலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். என் கைப்பேசியின் வரைபடம் அப்படித்தான் சொன்னது. நான் இடைநிலைப் பள்ளியில் புவியியல் கற்பிப்பவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், வரைபடம் சொல்லாது என்று எத்தனையோ மாணவர்களை நம்ப வைத்தவள். அந்த நம்பிக்கைதான் அன்று மதியத்துக்குள் குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலில் இழவுக் கூடாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

மகள் பெயர் யாழினி. தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக மாணவி. விடுமுறைக்குத் தோழிகளோடு ஆஸ்திரேலியா போக அனுமதி கேட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அவளுடைய கைப்பேசி எனக்கு எப்போதும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் ஏறிய நாளிலிருந்து என் மகள் ஒரு நீலப் புள்ளி ஆனாள். புள்ளி தூங்கினால் நானும் தூங்கினேன். புள்ளி கடைத்தெருவில் நின்றால் (காலணிக் கடையில் இவ்வளவு நேரம் என்ன வேலை?) நானும் நின்றேன்.

முந்தின நாள் பேசும்போது, "நாளைக்குப் படகுல போறோம்மா, கடல் சிங்கம் பாக்க" என்றிருந்தாள். கடல் சிங்கம் என்பது மீசை வைத்த சாது. சரி என்றேன்.

இப்போது பார்த்தால் புள்ளி நடுக்கடலில். அழைத்தேன், எடுக்கவில்லை. அவள் தோழி ஒருத்தியின் ஸ்டேட்டஸைத் திறந்தேன். படகின் ஓரத்தில் ஓர் இரும்புக் கூண்டு தொங்கியது. கறுப்பு ரப்பர் உடுப்புப் போட்ட ஒருத்தி அதற்குள் ஒரு காலை விட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலைப் பெற்றவள் நான். எந்த உடுப்புக்குள் இருந்தாலும் தெரியும். கீழே ஒரு சுறா மீன் படம், பக்கத்தில் சிரிக்கும் முகங்கள். (எங்கள் பாட்டனும் முப்பாட்டனும் ரப்பர் மரம் சீவியது இதற்குத்தானா?)

வாசலில் காடியின் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் சேகரிடம் ஓடினேன்.

"ஏங்க, உங்க மக சுறா மீனுக்கு நடுவுல நிக்கிறா!"

"கூண்டுக்குள்ளதானே நிக்கிறா?"

"ஆமா."

"அப்ப சுறாதான் பாவம். வெளிய நிக்குது. பயப்படாதலா."

அந்த நேரம் பார்த்துப் புள்ளி நகர்ந்தது. மெதுவாக அல்ல. கரைக்கு எதிர்த்திசையில், ஏதோ அவசர வேலை இருப்பதுபோல.

"முழுங்கிருச்சு," என்றேன்.

"முழுங்கியிருந்தா போனுக்கு எப்படி லைன் கிடைக்கும்?"

"மெனோரா மலைச் சுரங்க ரோட்டுக்குள்ளயே கிடைக்குது, சுறா வயித்துல கிடைக்காதா?"

(இதைச் சொன்னவள் பட்டதாரி என்பதை நினைவில் கொள்ளவும்.)

சேகர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் புள்ளியே மறைந்துவிட்டது. தோழியின் எண்ணும் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தை எப்போதோ விற்றுவிட்டார்கள். லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துத் தாமான் குடியிருப்பு கட்டியாயிற்று. ஆட்கள் மட்டும் 'தோட்டத்துப் பிள்ளைகள்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்குள் இன்னும் அதே லயத்தில்தான் குடியிருக்கிறோம். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீடு வரை கேட்கும். அதில் தட்டினேன்: "யாழினி கடலில். கூண்டு. சுறா. தொடர்பு இல்லை. எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்."

முதலில் கூப்பிய கைகள் வந்தன. பிறகு அழும் முகங்கள். பிறகு, "அலாமாக், நல்ல பிள்ளையாச்சே." நல்ல பிள்ளை என்பது எப்படியோ நல்ல பிள்ளையாக இருந்தது என்று ஆனது. அதன் பிறகு ஒருவர், "ஆன்மா சாந்தியடையட்டும்" என்றார். மெழுகுவத்திகள், மலர்வளையங்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், யாழினி பள்ளியில் பரிசு வாங்கிய படத்தைத் தேடி எடுத்து, மாலையும் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து அனுப்பினார்.

புத்தியுள்ள பெண் இந்த இடத்தில், "நிறுத்துங்கள், நான் அப்படிச் சொல்லவில்லை" என்று எழுதியிருப்பாள். நான் நினைத்தது வேறு. இவர்களுக்கு எனக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது! பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார்கள்! நான் கிளப்பிவிட்ட வதந்தி ஊரைச் சுற்றிவிட்டு வந்து எனக்கே துக்கம் சொன்னது. நான் அதை நம்பினேன்.

என் அலறல் கேட்டு சேகர் ஓடி வந்தார். படத்தைப் பார்த்தார். அதுவரை சுறாவுக்காகப் பரிதாபப்பட்ட மனிதர், "படமே போட்டுட்டாங்களே" என்று சொல்லிவிட்டு ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட யாருக்கும் தோன்றவில்லை.

சமையல்கட்டு மேசையில் புளிக்கும் உலர்பழ ஆசாம் பொட்டலம் ஒன்று இருந்தது. யாழினி பாதி தின்றுவிட்டு, துணிக் கவ்வி போட்டு மூடி வைத்துப் போனது. "வந்து சாப்பிடுவேன், யாரும் தொடக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். இத்தனை வேடிக்கையையும் இன்று எழுத முடிகிறது. அந்தக் கவ்வியை மட்டும் இன்னும் என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. தோட்டத்தில் சாவு வீட்டுக்குக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. கேள்விப்பட்டால் வந்து நிற்பார்கள். கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் மணியம் அண்ணனும் அதே குழுவில்தான் இருக்கிறார். அவருடைய லோரி வந்து நின்றது; நான் அழுது முடிப்பதற்குள் கூடாரம் எழுந்துவிட்டது.

பாகான் செராயிலிருந்து என் அக்கா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். வாசல் கேட்டைத் தாண்டும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"கூண்டுக்குள்ள வளத்த கிளி, கூண்டோட போயிருச்சே!"

(கூண்டு விஷயத்தை அவள் அவ்வளவு சீக்கிரம் பாட்டில் சேர்த்ததை இப்போது நினைத்தால் மரியாதை வருகிறது. அன்று கூடச் சேர்ந்து அழத்தான் முடிந்தது.)

வெளியே, மணியம் அண்ணன் சேகரின் தோளில் கை வைத்தார்.

"மச்சான், எப்ப எடுக்கிறீங்க?"

"எதை எடுக்கிறது?" என்றார் சேகர், உடைந்த குரலில்.

மணியம் அண்ணன் தலையை ஆட்டினார். "ஆமாலா. சுறான்னா சூசாதான், கஷ்டம்."

அப்போதுதான் என் கைப்பேசி அடித்தது. திரையில் யாழினியின் பெயர். உடலைக் கண்டெடுத்தவர்கள் அவளுடைய கைப்பேசியிலிருந்தே அழைக்கிறார்கள் என்று நான் எடுக்க மறுத்தேன். அக்காதான் பிடுங்கி எடுத்தாள். ஈரத் தலையும் வெயிலில் சிவந்த மூக்குமாகத் திரையில் யாழினி சிரித்தாள்.

"அம்மா, போன்ல சார்ஜ் இல்லாம போச்சு, இப்பத்தான்..."

சிரிப்பு நின்றது. அவள் கண்ணுக்குத் தெரிந்தவை: தலைவிரி கோலத்தில் பெரியம்மா, பின்னால் வெள்ளைக் கூடாரம், அதன் கீழே சொந்தம் முழுவதும்.

"அம்மா எங்க? அப்பா எங்க? பெரியம்மா, யாரு செத்துட்டாங்க?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீதாண்டி."

பிறகு யாழினி சொல்லித்தான் எல்லாம் புரிந்தது. கூண்டுக்குள் குளிரில் விறைத்துப்போய் நின்றிருக்கிறார்கள். சுறா வரவில்லை. படகை வேகமாக இன்னோர் இடத்துக்கு ஓட்டியிருக்கிறார்கள். அங்கேயும் வரவில்லை. ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. அந்த நேரத்துக்குள் இங்கே பாகான் செராய் வந்துவிட்டது.

கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னபோது மணியம் அண்ணன் மறுத்துவிட்டார். "கூடாரம் போட்டா கீழ உக்காந்து நாலு பேரு சாப்பிடணும்லா. சும்மா பிரிச்சா நல்லதில்ல." ஆகவே சமைத்தோம். அழ வந்தவர்கள் வெங்காயம் நறுக்கினார்கள், அதனால் கண்ணீர் வீண்போகவில்லை. குழுவில் நான், "யாழினி நலமாக இருக்கிறாள்" என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர், மேலே எதையும் படிக்காமல், "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால், "என்னா, மணியத்துக்குச் சொல்லிறலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்த வாரம் யாழினி வீடு வந்து சேர்ந்தாள். அழ வந்தவள் பார்க்கவும் வர வேண்டும் என்று அக்கா காலையிலேயே வந்து காத்திருந்தாள். நான் மகளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன் (கால் சரியாக இருந்தது). அவளோ கவ்வியைக் கழற்றி ஆசாமை வாயில் போட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "சுறா வரலன்னு அந்தப் படகுக்காரங்க இன்னொரு தடவை சும்மாவே கூட்டிட்டுப் போறாங்களாம். அடுத்த லீவுக்குப் போவட்டாம்மா?"

சேகர் கூரையைப் பார்த்தார். அக்காதான் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"போயிட்டு வாடி. நாங்கதான் ஒருக்கா அழுதாச்சே, இனி உனக்கு ஒண்ணும் ஆகாது. போறப்ப உங்கம்மா போனை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போ."