மாட்டுச் சாளையின் எதிரொலி

மாட்டுச் சாளைக்குப் பின்னால் எவனோ ஒருவன் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்துகொண்டிருப்பதை ஆறுச்சாமி பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆரது?"

தவழ்ந்தவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். மூக்குக் கண்ணாடி போட்ட இளைஞன். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் மூடி போட்ட குப்பி.

"வணக்கமுங்க சார். யுனிவர்சிட்டிலிருந்து வர்றேனுங்க. பேரு சாமியப்பன். சிலந்தியப் பத்தி ஆராய்ச்சி பண்றேனுங்க. மாடு கட்டுற எடத்துல என்னென்ன சிலந்தி இருக்குதுன்னு பாக்கோணும்."

சாளைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். காரணம் இருந்தது. அந்தச் சாளையில் மாடு கிடையாது. மாடுகள் வேப்பமரத்தடியில் நின்று அசைபோட, உள்ளே இரண்டு நிட்டிங் மிஷின்கள் கோன் கோனாக நூலை இழுத்துப் பனியன் துணி பின்னிக்கொண்டிருந்தன. பின்னுவதில் குற்றமில்லை. பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் யார்தான் பின்னவில்லை. ஆனால் ஆறுச்சாமியின் மிஷின்கள் ஓடியது, விவசாயியின் கிணற்று மோட்டாருக்கென்று அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் கரண்டில்.

கரண்டு ஆபீஸ்காரர்கள் கண்டுபிடித்தால் மிஷினைத் தூக்கிப் போவார்கள். அத்தோடு விடாமல் கிணற்று லைனையும் வெட்டுவார்கள். கிழக்குத் தோட்டத்தை விற்று வாங்கிய மிஷின், மிச்சமிருக்கும் மேற்குத் தோட்டத்தையும் காயப்போட்டுவிடும். மாதக் கடைசிக்குள் எக்ஸ்போர்ட்காரருக்குத் துணி கொடுத்தாக வேண்டும் என்ற கவலை வேறு.

"வலையெல்லாம் வெள்ளையா இருக்குதுங்களே சார். பஞ்சு ஒட்டியிருக்குது. மாட்டுச் சாளைல பஞ்சு எப்படிங்க?"

"பருத்திக்கொட்டை" என்றார் ஆறுச்சாமி சட்டென்று. "மாட்டுக்குப் பருத்திக்கொட்டைதான் வெக்கறது. அந்தப் பஞ்சு."

தன் புத்தியை அவரே மெச்சிக்கொண்டார். அதற்குள் சாமியப்பன் சுவரோரம் காதைக் கொண்டுபோய்விட்டான்.

"உள்ள என்னங்க சத்தம்?"

"கெணத்து மோட்டாரு."

"கெணறு அக்கட்டால இல்லீங்களா இருக்குது?"

"அது எதிரொலி தம்பி. அங்க ஓடுனா இங்க கேக்கும். எங்க அப்பாரு காலத்துலிருந்தே அப்படித்தான்."

அப்பாரு காலத்தில் மாடு கட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள், மோட்டார் ஏது என்பது அவன் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவனும் சும்மா போகவில்லை. ஆறுச்சாமியின் மனைவி சாரதாமணி கூப்பிட்டு உட்கார வைத்துத் தோசை போட்டு அனுப்பினாள்.

"வேவு பாக்க வந்தவனுக்குத் தோசையா?" என்று பல்லைக் கடித்தார் ஆறுச்சாமி.

"வேவு பாக்கறவனுக்கும் பசிக்குமுங்க" என்றாள் அவள்.

அந்த வாரமே இன்னொருவன் வந்து இறங்கினான். முக்காலி ஸ்டாண்டு, ஒயர்ச் சுருள், முள் ஆடும் மீட்டர் வைத்த பெட்டி.

"சாமியப்பன் சொன்னானுங்க. நாங்க ஒரே ஹாஸ்டல். நான் பிசிக்ஸ். சத்தந்தான் என் ஆராய்ச்சி. நீங்க சொல்ற மாதிரி எதிரொலி எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க சார்."

மீட்டரைப் பார்த்ததும் ஆறுச்சாமி மெல்லச் சாளைப் பக்கம் நகர்ந்தார். சாளைக்குள் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அங்கமுத்துவுக்கு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். மிஷின் நின்றது.

"நின்னு போச்சுங்களே?"

"மோட்டாரை நிறுத்தியிருப்பாங்க."

"அப்ப போடச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல அளக்கோணும்."

அன்றிலிருந்து ஆறுச்சாமிக்குப் புது வேலை வந்து சேர்ந்தது. கிணற்றில் மோட்டாரைப் போட்டால் சாளையில் மிஷினும் ஓட வேண்டும். அங்கே நிறுத்தினால் இங்கேயும் நிற்க வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து அவர் துண்டை வீச, சாளைச் சுவர் ஓட்டையில் கண்ணை வைத்து அங்கமுத்து சுவிட்சைப் போட்டான். எதிரொலி கொஞ்சம் முன்னும் பின்னுமாக வந்தது. சில சமயம் மோட்டார் ஓடுவதற்கு முன்பே எதிரொலி வந்துவிட்டது. பிசிக்ஸ்காரன் பரவசமாகிப் பக்கம் பக்கமாக எழுதினான்.

"மொதலாளி, நிறுத்தி நிறுத்தி ஓட்டுனாத் துணியில கோடு உளுகுதுங்க" என்றான் அங்கமுத்து பரிதாபமாக. "எக்ஸ்போர்ட்காரரு ரோலைத் தூக்கி மூஞ்சில எறிவாருங்க."

"ஜெயிலுக்குப் போறதுக்கு அது தேவலடா."

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். தோட்டத்து வழி ரோட்டில் பிரியும் இடத்தில் ஒரு சாம்பல் நிற ஜீப் நின்றது. உள்ளேயிருந்து இரண்டு பேர் மீட்டர்க்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜீப் திரும்பிப் போய்விட்டது.

மேலதிகாரிகள் என்று ஆறுச்சாமி முடிவு கட்டினார். ஆளை அனுப்பிவிட்டு, வேலை நடக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

பிசிக்ஸ்காரன் கடைசியாக ஒரு மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதை மட்டும் சாளைக்குள்ள வெச்சாப் போதுமுங்க."

"உள்ள போகக் கூடாது தம்பி. கன்னிமார் சாமி இருக்குது. ஆம்பளைக கால் வெக்கப்படாது."

அவன் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். ஆறுச்சாமி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த நிம்மதி சீக்கிரமே போனது. எதிரொலிக்காக ஓட்டிய மோட்டார் இறைத்த தண்ணீரெல்லாம் தரிசுக் காட்டில் தேங்கி, பல்லடம் வட்டாரமே தூசி பறக்கிற கோடையில் அவர் காடு மட்டும் சேறாகிக் கிடந்தது. எங்கிருந்தோ தவளைகள் வந்து சேர்ந்தன. தவளைகளுக்குப் பின்னாலேயே தவளை ஆராய்ச்சிக்காரன் ஒருவன் பேண்டை மடித்துக்கொண்டு வந்து சேற்றில் இறங்கினான்.

அவனோடு பஸ்ஸில் வந்த ஒரு பெண் டேப்ரிக்கார்டரோடு நேரே சாளைக் கதவுக்குப் போனாள்.

"நான் நாட்டார் தெய்வங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றேனுங்க. ஆம்பளைக போகப்படாதுன்னு கேள்விப்பட்டேன். பொம்பளைக போலாமில்லீங்களா?"

இப்படி ஒரு சங்கதி இருப்பதை ஆறுச்சாமி யோசித்துப் பார்க்கவேயில்லை. அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, உள்ளே புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்துகொண்டு அங்கமுத்து வெளியே வந்தான். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சுத் தூசி படிந்து வெள்ளை வெளேரென்று இருந்தான்.

"இவருதான் பூசாரி" என்றார் ஆறுச்சாமி, கதவை இழுத்துச் சாத்தியபடி. "இவரைத் தவிர ஆரும் போகப்படாது."

"பூசைப் பாட்டு எதாச்சும் இருக்குதுங்களா பூசாரி?"

அங்கமுத்து முதலாளியைப் பார்த்தான். முதலாளி வானத்தைப் பார்த்தார். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையை ராகம் போட்டு இழுத்தான்.

"நூலறுந்தா முடிபோடு தாயே, ஊசி உடைஞ்சா மாத்திக்குடு தாயே, கோன் தீந்தா..."

அந்தப் பெண் கண்ணை மூடிக் கேட்டாள். டேப் சுழன்றது. ரோட்டில் சாம்பல் நிற ஜீப் மறுபடி வந்து நின்று, மறுபடி திரும்பிப் போனது.

அன்று சிலந்திக்காரனும் பிசிக்ஸ்காரனும்கூட வந்து சேர, நான்கு பேருக்கும் சாரதாமணி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவர்கள் போன பிறகு ஆறுச்சாமி வெடித்தார்.

"நீயே சொல்லு. சிலந்தி, சத்தம், தவளை, சாமி. இதுல ஒண்ணுக்கொண்ணு எதாச்சும் சம்பந்தம் இருக்குதா? ஒரே பள்ளிக்கூடத்துல இத்தனையும் எவனாச்சும் படிப்பானா? சம்பந்தம் ஒரே எடத்துலதான் இருக்குது. சாளைக் கதவுல. அத்தனை பேரும் கரண்டு ஆபீஸ் ஆளுக."

"அப்படி இருந்தா அந்தப் புள்ள எங்கிட்டக் கொழம்புக்குப் பக்குவம் கேட்டிருக்குமாக்கு?"

"அதுவும் வேசந்தான்."

"சந்தேகமா இருந்தா நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் அவர் வெள்ளை வேட்டி கட்டி பஸ் ஏறினார். பல்கலைக்கழகத்தில் வேஷத்தைக் கலைத்துக் காட்டுவதாகத்தான் நினைத்துப் போனார். வராந்தா நீண்டுகொண்டே போனது. ஒரு அறையில் ஒருவன் மீனின் காதெலும்பைச் சாமணத்தால் எடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தான். அடுத்ததில் ஒரு பெண் ஏணி மேல் நின்று ஏதோ காட்டு விதையைக் கீழே போட்டாள். அது சுற்றிச் சுற்றி இறங்குவதை இன்னொருத்தி கடிகாரம் வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்து ஒரு பெரியவர் தஞ்சாவூர்க் கல்வெட்டில் ஒரே ஓர் எழுத்து வளைந்த கதையை ஆயுள் முழுக்க ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் எந்த பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறார்கள் என்பதற்கு ஒருவன் படம் வரைந்து வைத்திருந்தான். ஆறுச்சாமி அதை நின்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

இத்தனையையும் எந்த அரசாங்கத்தாலும் ஜோடிக்க முடியாது என்று அவருக்கு விளங்கியது. மலைப்பாகவும் இருந்தது. பனியனைத் தவிர உலகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டார்.

பிசிக்ஸ் அறைச் சுவரில் ஒரு பெரிய காகிதத்தில் மேலும் கீழுமாகக் கோடு ஓடியது. தலைப்பில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஆறுச்சாமி எதிரொலி. மேல்மாடியில் ஒரு வகுப்பே உட்கார்ந்து அங்கமுத்துவின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. "கோன் தீந்தா" என்ற இடத்தில் கோன் என்றால் அரசன் என்று ஒரு பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆறுச்சாமிக்கு வெட்கமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் கண் விழித்துப் படிக்கிறார்கள், அவர் வாய்க்கு வந்த பொய்யில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறார்கள். திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். இனி ஆராய்ச்சி என்று வருகிறவனிடம் பொய் சொல்வதில்லை என்று அவிநாசியப்பர் மேல் ஆணையாக முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பாடு முடிந்ததும் சாளைக் கதவைத் திறந்து காட்டினார்.

"தம்பி, இதுதான் எதிரொலி. அம்மிணி, இதுதான் கன்னிமாரு. இவன் பூசாரி இல்ல, ஆப்பரேட்டரு. என்னை மன்னிச்சுப் போடுங்க. இதை மட்டும் ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

பிசிக்ஸ்காரன் முகம் தொங்கிப்போனது. டேப்ரிக்கார்டர்ப் பெண் சிரித்துவிட்டாள்.

"சிலந்தி நெசந்தானுங்களே சார்" என்றான் சாமியப்பன் ஆறுதலாக.

"தவளையும் நெசந்தான்" என்றான் தவளை ஆராய்ச்சிக்காரன்.

யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஆர்டர் முடியும்வரை இந்தப் பக்கம் வந்து தொந்தரவு செய்ய மாட்டோம் என்றும் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு துண்டு பனியன் துணியோடு பஸ் ஏறினார்கள். ஆறுச்சாமிக்கு மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் காலையில் மிஷின்கள் நிற்காமல் ஓடின. துணி ஒரு கோடும் இல்லாமல் இறங்கியது. வெயில் ஏறும் நேரத்தில் சாம்பல் நிற ஜீப் வந்தது. இந்த முறை ரோட்டில் நிற்கவில்லை. வாசலுக்கே வந்துவிட்டது.

பல்கலைக்கழக ஜீப்பைப் போய் எப்படியெல்லாம் சந்தேகப்பட்டோம் என்று ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. இறங்கியவர் தொப்பையும் ஃபைலுமாக, பார்க்கப் பேராசிரியர் போலவே இருந்தார்.

"வாங்க, வாங்க. சிலந்தி, சத்தம், தவளை, சாமி எல்லாம் ஆச்சுங்க. நீங்க எதைப் பாக்க வந்தீங்க?"

வந்தவர் கொஞ்சம் திகைத்தார். "கரண்டைப் பாக்க வந்தோமுங்க. எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு."

"அட, அதை ஒண்ணைத்தான் இத்தனை நாளா ஒருத்தரும் ஆராயலைன்னு நெனைச்சேன். வாங்க."

ஆறுச்சாமி ஆணையை மறக்கவில்லை. ஒன்றையும் ஒளிக்கவில்லை. கிணற்றிலிருந்து ஒயர் பிரியும் இடம், அது மண்ணுக்குள் போகும் வழி, பாத்தி வரப்புக்கு அடியில் திரும்புகிற மூலை, எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். சாளைக் கதவை அகலத் திறந்துவிட்டார். வந்தவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"இவ்வளவு வெளக்கமா ஆருமே சொன்னதில்லீங்க" என்றார் உண்மையான மரியாதையோடு. "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

ஆறுச்சாமி பேனாவைத் திறந்து குனிந்தார். காகிதத்தின் தலையில் கரண்டு ஆபீஸ் முத்திரை இருந்தது. அப்படியே தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கமுத்து தானாகவே சுவிட்சை அணைத்தான். சாளையில் இப்போது ஒரு எதிரொலியும் இல்லை.

சாரதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருந்தாலும் வந்தவர்களுக்கு இலை போட்டாள். ஜீப் டிரைவர் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவியபடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆறுச்சாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, மீட்டரும் டேப்பும் வெச்சுக்கிட்டு உங்க தோட்டத்துல நின்னாங்களே, எங்க மெட்ராஸ் ஆபீஸ் ஸ்குவாடு, அவிங்க போயிட்டாங்களா? நாங்க வந்தப்பல்லாம் அவிங்களப் பாத்துட்டு, பெரிய எடம் புடிச்ச கேசு, நமக்கெதுக்கு வம்புன்னு சார் வண்டியத் திருப்பச் சொல்லீட்டாருங்க. இன்னைக்கு ஒருத்தரையுங் காணோமேன்னுதான் உள்ள வந்தோம்."