வாசலில் ஒரு கிடங்கு

சற்குணத்தின் வீட்டு வாசலில் நகரக் கவுன்சில்காரர் பள்ளமாக ஒரு கிடங்கு வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மவுண்ட் ரோஸ்கில்லில் அந்தத் தெருவில் வேறு எவர் வாசலிலும் இல்லை. இப்போதெல்லாம் வெயிலும் அதிகம், பெய்தால் கொட்டுவதும் அதிகம். கொட்டும் வெள்ளம் இதற்குள் நின்று மண்ணில் இறங்குமாம். நாலு கோரைப்புல்லும் நட்டிருந்தார்கள்.

"பணக்காரரின்ர பக்கம் பூங்காவும் குளமும். எங்கட வாசல்ல கிடங்கு!" என்று பொரிந்தார் சற்குணம்.

"நல்லதுக்குத்தானேயப்பா வெட்டினவங்கள்," என்றாள் மனைவி அன்னபாக்கியம்.

"நல்லதுக்கோ? மேட்டில இருக்கிறவங்கள் தங்கட வெள்ளத்தை எங்கட தலையில கட்டியிருக்கிறாங்கள். தண்ணி நிண்டா நுளம்பு பெருகிக் கடிக்கும். லோஜனா பிள்ளையோட வாறாள், தெரியுந்தானே?"

மகள் லோஜனாவுக்கு வெஸ்ட்கேட்டில் வாடகை கட்டி மாளவில்லை. கைக்குழந்தையோடு இங்கேயே வந்துவிடப் போகிறாள். அவளுக்காகக் கராஜை அறையாக்கி, கம்பளம் விரித்து, தொட்டிலும் வைத்தாயிற்று.

சற்குணம் ஒரு டிரெய்லர் மண் கொட்டிக் கிடங்கை மூடினார். கோரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தரிக்கன்று வைத்தார்.

அடுத்த மழையில், நிற்க இடமில்லாத வெள்ளம் நேரே வந்து கராஜ் படியைத் தொட்டது.

"திரும்ப வெட்டி விடுங்கோ," என்றாள் அன்னபாக்கியம்.

"நீர் சும்மா இரும். எனக்குத் தெரியும்."

கேற்றடியில் கல் அடுக்கிச் சீமெந்து பூசினார். தெருவெள்ளம் வெளியிலேயே நின்றது உண்மை. ஆனால் அதற்கடுத்த பெருமழையில் கூரைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வளவுக்குள்ளேயே ஏறியது. மனிதர் சுவரை இடிக்க அலவாங்குக் கம்பியோடு ஓடினார்.

"உடைக்காதேங்கோ! வெளியில இன்னும் கூட நிக்குது!"

அவர் எப்போது கேட்டார்? உடைத்தார். தெருவெள்ளமும், அவர் கொட்டிய மண்ணும், காய்க்கத் தொடங்கிய கத்தரியும் ஒன்றாகக் கராஜுக்குள் புகுந்தன. வெள்ளம் வடிந்தபோது தொட்டிலுக்குள் ஒரு கத்தரிக்கன்று வேரோடு படுத்துக் கிடந்தது.

மறுநாள் லோஜனா வந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டபடி எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஈரத்துக்க இவனை எப்பிடியப்பா கிடத்துறது? நாங்கள் பாபடோயிட்டோயில சிநேகிதி வீட்டை போறம்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். சற்குணம் பேரனின் காலைத் தொடக் கை நீட்டினார், கையெல்லாம் சேறு. மடக்கிக்கொண்டார். கார் போய்விட்டது.

மேட்டு வீட்டுக் கண்மணி, மலேசியாக்காரி, வாளியும் துடைப்பமுமாக இறங்கி வந்தாள்.

"பாக்க வந்தனீங்களோ? எல்லாம் உங்கட வெள்ளந்தான். சந்தோசமோ?" என்றார் சற்குணம்.

அவள் வாசலைப் பார்த்தாள். "குழிய மூடிட்டீங்களா அண்ணே?"

"ஓம், மூடினனான். ஆரைக் கேட்டு வெட்டினவங்கள்?"

கண்மணி வாளியைக் கீழே வைத்தாள்.

"கவுன்சில்ல எங்களத்தான் அண்ணே கேட்டாங்க, மேல எங்களுக்கு நிழல்மரமும் பெஞ்சும் தர்றதா இருந்தாங்க, பாப்பா உங்க கராஜுலதான் படுக்கும்னு அன்னபாக்கியம் அக்கா சொல்லவும், எங்களுக்கு ஒண்ணும் வேணாம், வெள்ளம் அங்க போகாம அவங்க வாசல்ல குழி வெட்டுங்கன்னு எல்லாருமா சேர்ந்து கேட்டு வாங்குனோம்."