இடைவிடாத அனுபவம்

குளியலறைத் தரைக்குப் பதவி அந்தஸ்து எதுவும் தெரியாது. ஆட்சேர்ப்புப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் என்றும் பாராமல் அது அவரை வழுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உடைந்த இடுப்பெலும்புக்குக் கம்பி வைத்து, ஆள் துணை இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

தன் காலத்தில் அலுவலகத்தில் ஒரு தவறான ஆள்கூட வேலைக்குச் சேர்ந்ததில்லை என்பது பெரியவரின் பெருமை. சரியான ஆளும் சேர்ந்ததில்லை என்பதை அவர் சொல்லமாட்டார். எந்தப் பதவிக்கு வருகிறவருக்கும் அதே பதவியில் மூன்று வருஷம் இடைவிடாத அனுபவம் வேண்டும் என்று அவர் விதி போட்டிருந்தார். காலியாகக் கிடக்கிற பதவியில் எவனுக்கு ஐயா அனுபவம் இருக்கும்? ஆகவே நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பக்கத்து நாற்காலிக்காரர்கள் 'கூடுதல் பொறுப்பு' என்ற பேரில் இரண்டு வேலையையும் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். அதற்கு மட்டும் அனுபவம் தேவையில்லை.

அவருடைய ஒரே மகளுக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை. அப்பா ஓய்வுபெற்ற பிறகு, அந்த விதி கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பரீட்சை எழுதி நுழைந்தவள். இப்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த லீவு தீரப்போகிறது. "திங்கட்கிழமை வந்துடும்மா. வரலைன்னா உன் நாற்காலிக்கு நான் பொறுப்பில்லை" என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். அவள் ஏஜென்சிக்குச் சொல்லி, வீட்டோடு பார்த்துக்கொள்ள மூன்று பேரை வரவழைத்தாள்.

"தேர்வுக் குழு எங்கே?" என்றார் அப்பா.

குழுவுக்குச் சித்தப்பா வந்தார். தலையாட்ட ஒருவர் இல்லாமல் குழு எப்படிக் குழுவாகும்? அப்பா மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே போர்வையுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தார். எதிரே வந்தவர்களுக்கு ஒரு நாற்காலி.

முதலில் ஒரு நடுத்தர வயது அக்கா வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேரைப் பார்த்துக்கிட்டீங்க?"

"மூணு பேருங்கய்யா."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்க."

"மூணு பேருமா?"

"எல்லாருக்கும் தொண்ணூறு தாண்டிடுச்சுங்கய்யா."

அப்பா தம்பியைப் பார்த்தார். "நூத்துக்கு நூறு போயாச்சு."

"அதுவும் சரிதான்" என்றார் சித்தப்பா.

அடுத்தவர் கட்டுமஸ்தான ஆள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். "நான் பார்த்துக்கிட்டவங்க எல்லாரும் எழுந்து நடந்துட்டாங்க சார்" என்றார்.

"நடந்து?"

"அப்புறம் என்னை அனுப்பிட்டாங்க."

"ஆக, எந்த வீட்டுலயும் நிலைச்சு இருந்ததில்லை."

மூன்றாவது அம்மாள் பதினொரு வருஷம் ஒரே வீட்டில், ஒருவரையே பார்த்துக்கொண்டவர். அந்த நோயாளி இன்னும் உயிரோடு இருக்கிறார், படுக்கையில் சௌக்கியமாக இருக்கிறார், அவர் பிள்ளை வேறு ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார் என்றார்.

"பதினொரு வருஷத்துல முன்னேற்றமே இல்லையே" என்று அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

மூவரையும் வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்த மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "செத்தா தப்பு. குணமானா தப்பு. அப்படியே இருந்தாலும் தப்பு. உங்களுக்கு யார்தாம்ப்பா வேணும்?"

"இதே வீட்டுல, இதே கட்டில்ல, இதே நோயாளியைப் பார்த்துக்கிட்ட அனுபவம் வேணும்."

"அண்ணே, அப்படி ஒரு ஆள் இருக்காளே" என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். குழு ஏகமனதாக அவளையே தேர்ந்தெடுத்தது. பெரியவர் வாழ்க்கையில் செய்த முதல் நியமனம் அது.

"என் வேலை போயிடும்ப்பா" என்றாள்.

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "முன்னப்பின்ன தெரியாத கை வந்து தொட்டுத் தூக்கணும். துணி மாத்தணும். பயமா இருக்கும்மா" என்றார், சித்தப்பாவுக்குக் கேட்காத குரலில்.

அவளுக்குக் கோபமும் போகவில்லை, பாவமாகவும் இருந்தது. அப்புறம் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவருடைய மகள்தானே.

"சரிப்பா. பதவியை ஏத்துக்கிறேன். ஆனா நான் ஆபீஸ் போற நேரத்துக்கு அந்த முதல்ல வந்த அக்காவுக்குக் கூடுதல் பொறுப்பு குடுக்கிறேன். அதுக்கு அனுபவம் கேட்கிற விதி இருக்கா?"

அப்பா பழைய விதிகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். "இல்லைதான்" என்றார்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்து பொறுப்பேற்றார். மகள் ஆபீசுக்கு ஓடினாள். அவள் நாற்காலியில் பக்கத்துப் பிரிவுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இல்லாததால எனக்குக் கூடுதல் பொறுப்புங்க."

"அதான் வந்துட்டேனே."

மேலதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்தார். "வந்ததுல சந்தோஷம்மா. ஆனா மேலிடத்துல ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்துட்டாங்க. மூணு வருஷம் இடைவிடாத அனுபவம் இருந்தாத்தான் அந்த நாற்காலி. நீ லீவு போட்டதுல இடைவெளி விழுந்துடுச்சே."

"எந்தப் புண்ணியவான் சார் போட்டது?"

"உங்க அப்பாதாம்மா. அவரை மாதிரி இனிமே யாரு வரப்போறா" என்று அவர் உருகினார்.

மத்தியானமே வீடு திரும்பினாள். அப்பா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் இரண்டடி நடந்து பழகிக்கொண்டிருந்தார். முகத்தில் பயத்தைக் காணோம். விசாரிக்க வந்த சித்தப்பா ஓரமாக நின்றிருந்தார். மகள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ நான் கிளம்பட்டுமாங்கய்யா? உங்க பொண்ணுதான் வந்துட்டாங்களே" என்றார் அக்கா.

அப்பா அக்காவின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இருங்க இருங்க" என்றவர், மகளைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்: "காலையிலேர்ந்து நீ என்னைப் பார்த்துக்கலையேம்மா. இங்கேயும் இடைவெளி விழுந்துடுச்சே."

"அதுவும் சரிதான்" என்றார் சித்தப்பா.

மகளுக்குக் கால் வலித்தது. கட்டிலுக்கு எதிரே அந்த ஒரு நாற்காலி போட்டபடியே கிடந்தது. போய் உட்கார்ந்தாள். அப்பாவும் மெல்லக் கட்டிலில் சாய்ந்து, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லும்மா" என்றார். "இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே?"