புண்ணாக்குத் தீர்மானம்

"இன்னாங்க, நம்ம மாடு மறுபடியும் பவுண்டுல இருக்குதாம்."

அம்மணி இதைச் சொன்ன நிதானமே கோதண்டபாணிக்கு எரிச்சலைக் கிளப்பியது. வாயிலிருந்த வேப்பங்குச்சியைத் துப்பினார்.

"மறுபடியுமா? போன வாரம்தானே மீட்டுக்கினு வந்தேன்! அந்தப் பயலுக்கு ஊர்ல வேற மாடே கெடைக்கலியா?"

"எனக்கு இன்னா தெரியும்? அதான் சங்கம் இருக்குதே, மெதுவா மீட்டுக்கலாம். நீங்க மொகத்தைக் கழுவுங்க."

சங்கம் இருந்தது. கோலியனூருக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரின் மாடு மீட்புச் சங்கத்துக்குக் காரியதரிசியே கோதண்டபாணிதான்.

பிறத்தியார் பயிரில் வாய் வைத்த மாட்டைப் பிடித்து அடைத்து, அபராதம் கட்டினால்தான் அவிழ்த்து விடும் இடம் பவுண்டு. பஞ்சாயத்து போர்டு அதை வருஷா வருஷம் ஏலம் விடும். ஏலம் எடுத்தவன் வேங்கடேசன். ஏலம் விட்ட போர்டில் மெம்பரும் அதே வேங்கடேசன். எந்த மாடு தப்புச் செய்தது, எவ்வளவு அபராதம் என்று முடிவு கட்டுகிறவனும் அவன், அந்த அபராதத்தை வாங்கி மடியில் முடிந்துகொள்கிறவனும் அவன். இதை நினைத்தாலே கோதண்டபாணிக்குச் சோறு இறங்காது. மானமுள்ள யாருக்குத்தான் இறங்கும்?

"ஊருக்குன்னு நாற்காலியில ஒக்காந்தவன் தன் வூட்டு லாபத்தைப் பாக்கக் கூடாது!" என்று முழங்கித்தான் அவர் சங்கத்தை ஆரம்பித்தார். நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள்; அந்த மல்லாட்டை அறுவடையில் வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லோரும் அளந்தார்கள். கூலிக்கு மல்லாட்டை பிடுங்கும் அஞ்சம்மாள்கூடத் தன் ஒற்றைப் பசுவை நினைத்து, கூலியாக வந்ததில் ஒரு மரக்கால் கொண்டு வந்து கொட்டினாள். எல்லாவற்றையும் விற்ற பணம் கோதண்டபாணியிடம் இருந்தது. யார் மாடு அடைபட்டாலும் சங்கம் மீட்கும் என்பது பேச்சு.

மீட்டது. ஆனால் மீண்டு வந்த மாடுகள் எலும்பும் தோலுமாக வந்தன. அது யுத்த காலத்துக் கோடை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வைக்கோலோ கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. கோதண்டபாணி கொதித்துப் போய்க் கூட்டம் போட்டார்.

"அடைபட்ட மாட்டுக்குச் சங்கச் செலவுல பச்சைப்புல்லு! மல்லாட்டைப் புண்ணாக்கு! நம்ம மாடு ஒண்ணுகூடப் பட்டினியில கத்தக் கூடாது!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஊரில் செக்கு வைத்திருந்தது வேங்கடேசன் ஒருவன்தான் என்பதால் புண்ணாக்கையும் அவனிடமே வாங்க வேண்டி வந்தது. அந்த வயிற்றெரிச்சலைக் கோதண்டபாணி சகித்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் அம்மணி, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் வினை பிடித்தது. முன்பு எப்போதாவது ஒரு மாடு அடைபடும். இப்போது ஊர் மாடுகள் முறை வைத்துக்கொண்டு போகிற மாதிரி பவுண்டுக்குப் போயின. கோதண்டபாணியின் மாடு முதல் வரிசையில் போனது.

"வேங்கடேசன் ஆள் வச்சி நம்ம மாட்டை அவுக்கிறான். கையும் களவுமா புடிக்கணும்" என்று சங்கச் செலவில் பெரியசாமியைக் காவலுக்குப் போட்டார்.

பெரியசாமி சில நாள் காவல் காத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஐயா, மாடு போறத என் கண்ணால பாத்தேன். ஆனா யாரு ஓட்டிக்கினு போறாங்கன்னு சொன்னா நீங்க கோச்சிக்குவீங்க."

"வேங்கடேசன் ஆளுதானே?"

"அது வந்துங்க..."

"இன்னாடா வந்து போயி? உனக்கு எவ்ளோ குடுத்தான்?"

"ஐயோ, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க..."

"சங்கத்துச் சம்பளத்தை வாங்கிக்கினு அவனுக்கு வேலை பாக்குறியா? நாக்கூசாம என் முன்னாடி வந்து நிக்கிற! போடா வெளிய!"

பெரியசாமியின் வேலை போயிற்று. மாடுகள் போவது மட்டும் நிற்கவில்லை.

கோதண்டபாணி வண்டி கட்டிக்கொண்டு விழுப்புரம் போனார். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காலையிலிருந்து காத்துக் கிடந்து மனுக் கொடுத்தார். ஏலம் எடுத்தவனே மெம்பராக இருப்பது எந்த ஊர் நியாயம் என்று குமாஸ்தாவிடம் கத்தினார். குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "விசாரிக்கச் சொல்லி அனுப்புறோம், போங்க" என்றார்.

அனுப்பத்தான் செய்தார்கள். அடுத்த வாரம் வேங்கடேசனே மனுவும் கையுமாக வாசலில் வந்து நின்றான்.

"இன்னா கோதண்டம், உன் மனு போர்டுக்கு வந்திருக்குது. விசாரிக்கிற பொறுப்பை என்கிட்டயே குடுத்துட்டாங்க. சொல்லு, இந்த வேங்கடேசன் எப்படிப்பட்டவன்? நீ சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன்."

அவன் முகத்தில் நக்கல்கூட இல்லை. அதுதான் கோதண்டபாணியால் தாங்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் அஞ்சம்மாள் ஓடி வந்தாள்.

"ஐயா, நான் அசலூருக்குக் கூலிக்குப் போயிருந்தப்ப என் மாட்டைப் புடிச்சிட்டாங்க! கயிறு அறுந்து போயி வேங்கடேசன் கொல்லையில பூந்துடுச்சி. அபராதம் கட்டுற கெடு முடிஞ்சிபோச்சி, இன்னிக்கி மத்தியானம் மாட்டை ஏலம் போட்டுடுவாங்களாம். சங்கத்துலேர்ந்து கட்டி மீட்டுக் குடுங்க."

கோதண்டபாணி சங்கத்துப் பணப்பையை எடுத்துத் தலைகீழாக உதறினார். சங்கத்தில் செல்லாக்காசு கூட இல்லை. புல்லும் புண்ணாக்கும் அபராதமும் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தன.

"இன்னா ஐயா பையை உதறுறீங்க?"

"சங்கத்துல ஒண்ணும் இல்ல அஞ்சம்மா."

அஞ்சம்மாள் அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"என் கூலியை அளந்து கொட்டினேனே! எல்லாரு மாட்டையும் மீட்டீங்க. என் மாடு ஒரே ஒரு தபா போச்சி, அதுக்கு மட்டும் இல்லியா? அந்தப் பால வித்துத்தான் ஐயா என் பொழப்பே ஓடுது. நான் கொட்டினத எவன் தின்னான்?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி கோதண்டபாணியின் நெஞ்சில் போய்க் குத்தியது. அவர் தெருவில் இறங்கிக் கூவிய கூவலில் ஊரே திரண்டது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேகாத வெயிலில் பவுண்டுக்குப் போனார். அம்மணியும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

பவுண்டு வாசலில் வேங்கடேசன் ஏலம் போடத் தயாராக உட்கார்ந்திருந்தான். உள்ளே அவனிடம் கூலிக்கு மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் முகையூர் அந்தோணிசாமி நின்றுகொண்டிருந்தான். அஞ்சம்மாளின் பசு ஒரு மூலையில் நின்றது. கோதண்டபாணியின் மாடு தொட்டியில் முகத்தைப் புதைத்து எதையோ சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"எல்லாரும் கேளுங்க!" என்றார் கோதண்டபாணி. "வேங்கடேசனுக்குக் கையாளா நமக்குள்ளயே ஒரு களவாணி இருக்கான். பொதுச் சொத்த உள்ளேர்ந்தே தின்னுட்டான். அது யாருன்னு இன்னிக்கித் தெரிஞ்சாகணும். எவன் வூட்டு ஆளா இருந்தாலும் சரி, அவனைச் சங்கத்த வுட்டு வெரட்டணும். அவன் மாட்டை அவுத்து அஞ்சம்மா கையில குடுக்கணும். இது என் தாய் மேல ஆணை!"

"ஆமா, குடுக்கணும்!" என்று அஞ்சம்மாள் கத்தினாள்.

அம்மணி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, வெயில் மண்டையப் பொளக்குது. வாங்க, வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"நீ சும்மா இரு! பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு?"

அவர் அந்தோணிசாமியின் பக்கம் திரும்பினார்.

"டேய் அந்தோணி, உன் மொதலாளிக்குப் பயப்படாதே. உன் மேல ஒருத்தன் கை வைக்க வுட மாட்டேன். கர்த்தர் மேல சத்தியமா சொல்லு. நம்ம ஊரு மாட்டையெல்லாம் இங்க ஓட்டிக்கினு வந்து வுடுறது யாரு?"

அந்தோணிசாமி வேங்கடேசனைப் பார்த்தான். அம்மணியைப் பார்த்தான். கையிலிருந்த புண்ணாக்கைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"புண்ணாக்கு வைக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்களா புடிச்ச மாடு இந்த அஞ்சம்மாளுது ஒண்ணுதாங்க; மொதல்ல உங்க வூட்டம்மாதான் மாட்டைத் தானே ஓட்டியாந்து கட்டி, 'சங்கத்துச் செலவு, நெறையா வையி'ன்னு சொல்லிட்டுப் போனாங்க, அவங்களப் பாத்துட்டுத்தான் மத்தவங்களும் ஓட்டியார ஆரம்பிச்சாங்க!"