லிஸ்டில் இல்லாத நெய்

இந்த நாட்டில் ஸ்டோர் கீப்பர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆளுடைய வயிற்றை விசாரித்துவிட்டு ஸ்பேனர் கொடுத்தவர் ஒருத்தர்தான். அவர் எங்கள் துப்பா சார்.

துப்பா என்றால் கன்னடத்தில் நெய். அவருடைய நிஜப் பெயர், பர்சனல் டிபார்ட்மென்டில் கிளார்க்காக இருந்த எனக்கே ஃபைலைத் திறந்தால்தான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை அது. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிவாஜிநகர்ப் பக்கம் வேரூன்றியது. நான் ஆம்பூரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இருவரும் ஒரே ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுவோம்.

என்ன சரக்கு வேண்டும் என்று எழுதிய இண்டென்ட் சீட்டை ஸ்டோர் ஜன்னலில் நீட்டினால் சரக்கு வரவேண்டும். எங்கள் ஸ்டோரில் முதலில் கேள்வி வரும்.

"ஊட்டா ஆய்த்தா?"

சாப்பிட்டாயா என்று பெங்களூரில் எல்லோரும்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இவர் ஜன்னலில் நிற்கிற தொழிலாளியின் பதிலுக்காகக் காத்திருப்பார்.

"ஆச்சு சார். ரெண்டு பன்னு, ஒரு டீ."

"எண்ணெய்?"

"பன்னுல ஏது சார் எண்ணெய்?"

"அப்ப கிரைண்டிங் வீல் கெடையாது. காஞ்ச வயித்தோட மெஷின் முன்னாடி போய் நிப்ப. ஃபோர்மேன் ஏதாவது சொல்லுவான், நீ எகிறுவ. வீல் ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

பிறகு கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா இறங்கும். ஒரு துண்டு வெல்லத்தின் மேல் ஒரு ஸ்பூன் நெய். அதை விழுங்கினால்தான் வீல். டப்பாவின் மேல் சிவப்பு மையில் 'கிரீஸ் அல்ல' என்று எழுதி ஒட்டியிருப்பார். ஒருமுறை ஒரு ஃபிட்டர் அவசரத்தில் அதை எடுத்து பேரிங்குக்குப் பூசிவிட்டாராம். அந்த மாசம் பூரா அந்த மெஷின் யாரிடமும் சத்தம் போடவில்லை என்று துப்பா சார் சத்தியம் செய்வார்.

அவருடைய சித்தாந்தம் இதுதான்: "வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு டெலிபோன் லைன் ஓடுதுப்பா. கொழுப்பு உள்ள போச்சுன்னா வயிறு போன் பண்ணி, சரக்கு வந்துடுச்சு, நீ சும்மா இருன்னு மூளைக்குச் சொல்லும். போன் வரலைன்னா மூளை பயந்துக்கும். பயந்தா கடிக்கும்."

நாங்கள் சிரிப்போம். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஒருமுறை பஸ் நேரத்தை மாற்றும் விவகாரத்தில் யூனியன் செயலாளரும் வொர்க்ஸ் மேனேஜரும் கேன்டீனில் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். துப்பா சார் நேரே சமையல்கட்டுக்குப் போய், தன் டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு தட்டு பொங்கலோடு வந்து நடுவில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். மற்றவர் நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டார். குரலை உயர்த்தத் தெம்பில்லாத இருவரும் கால் மணி நேரம் தள்ளி பஸ் விட ஒப்புக்கொண்டார்கள். அந்த வெற்றியை அவர் ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். தொழிலாளர் நலத்துறைக்கே ஒரு டின் நெய் அனுப்பலாமா என்று என்னிடம் யோசனை வேறு கேட்டார்.

அப்படிப்பட்டவரை வருடாந்தர மருத்துவப் பரிசோதனை கவிழ்த்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. சிவாஜிநகரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து, என்னென்ன சாப்பிடலாம் என்று அவர் கைப்பட எழுதிய ஒரு லிஸ்டோடு வந்தார். மறுநாள் எவர்சில்வர் டப்பா ஸ்டோரில் இல்லை.

முதல் மாதம் கோபம். தேதி போடாத இண்டென்டை வொர்க்ஸ் மேனேஜர் முகத்துக்கு நேராகவே திருப்பிக் கொடுத்தார். கையுறை கேட்ட வெல்டர் முன்னால் ஒரு ஜோடியைத் தூக்கி வீசினார். இரண்டாவது மாதம் கோபமும் போய்விட்டது. ஜன்னலில் சீட்டு வந்தால் சரக்கு வந்தது, பேச்சு வரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓசூர் ரோடு முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வருவார். சட்டை தோளில் தொங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய தொல்லை இல்லாத தொழிற்சாலை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மேஜையில் ஒரு கடிதத்தை வைத்தார். ராஜினாமா. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் பாக்கி.

"போதும்பா," என்றார். "யாரைப் பார்த்தாலும் புடிக்கலை. என்னையும் சேர்த்துத்தான்."

தேதியில்லாத இண்டென்டின் காயம் மேலிடத்தில் ஆறியிருக்கவில்லை. "ஏத்துக்கிட்டோம்னு ஆர்டர் டைப் பண்ணு. சனிக்கிழமை என் டேபிள்ல இருக்கணும்," என்றார் பர்சனல் மேனேஜர். டைப்ரைட்டர் ரிப்பேர் என்றேன். அப்படியொரு பொய் சொல்வேன் என்று சொல்லும்வரை எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை மாலை அவரோடு அவர் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் மனைவி இட்லி வைத்தார். சட்னியில் தாளிப்பு இல்லை. சாம்பார் என்று வந்தது வெந்த பருப்பும் புளித்தண்ணீரும். ஒரு வாய் வைத்ததும் எனக்கே யாரையாவது கடிக்கலாம் போலிருந்தது.

"எங்க வீட்டுல கடுகு வெடிச்சு மூணு மாசம் ஆச்சுப்பா," என்றார் அந்த அம்மா. "கேட்டா லிஸ்ட்ல எண்ணெய் இல்லைங்கறார்."

லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். இட்லி, சப்பாத்தி, கீரை, பயறு, மோர், பழம். எண்ணெய் இல்லைதான். எண்ணெய் கூடாது என்றும் அதில் எங்கும் இல்லை.

"சார், இதுல எண்ணெயை நிறுத்தச் சொல்லலையே."

"குடுக்கவும் சொல்லலையே. இண்டென்ட்ல எழுதாத சரக்கை நான் இஷ்யூ பண்ணினதே இல்லப்பா."

கிரைண்டிங் வீல் கேட்டு வந்தவனுக்கு நெய் கொடுத்து அனுப்பிய ஆள் பேசுகிற பேச்சு இது. டாக்டர் எழுதிய சாப்பாட்டுக் குறிப்பை இந்த மனிதர் இண்டென்ட் சீட்டாகப் படித்து, மூன்று மாதம் தன் வயிற்றுக்கே ஸ்டோரை மூடி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அரைநாள் லீவு போட்டு அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"லிஸ்ட்ல தண்ணி எழுதியிருக்கேனா?"

"இல்ல மேடம்."

"குடிக்கிறீங்கல்ல?"

"தண்ணிக்கு இண்டென்ட் கேக்கற பழக்கம் இல்ல மேடம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "பொரிச்சது வேணாம், வனஸ்பதி வேணாம், நெய்யை டப்பா டப்பாவா சாப்பிடாதீங்கன்னு வாயால சொன்னேனே. தாளிக்கறதுக்கு எண்ணெய் தாராளமா வெச்சுக்கலாம். நெய் ஒரு டீஸ்பூன்."

"லிஸ்ட்டை மீறினா செத்துடுவேன்னு பயந்துட்டேன் மேடம்," என்றார் துப்பா சார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு, தயங்கித் தயங்கி, டெலிபோன் லைன் சமாசாரத்தைக் கேட்டேவிட்டார்.

"அது பூரா தப்பில்ல," என்றார் டாக்டரம்மா. "கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும் அங்கேருந்து சில ஹார்மோன் சுரக்கும். வேகஸ்னு ஒரு நரம்பு இருக்கு, வயித்துலேருந்து மூளைக்கு. அது வழியா சேதி போகும், போதும், அடங்குன்னு. மனசுக்கும் அதுல பங்கு உண்டு. ஆனா நெய் ஊத்தினா கோவம் போயிடும்னெல்லாம் சொல்ல மாட்டேன், ரொம்பக் கொழுப்பு போனா மந்தம்தான் வரும். நீங்க மூணு மாசமா அரை வயிறு சாப்ட்டு, தூங்காம, பயந்துகிட்டு இருந்திருக்கீங்க. எல்லாம் சேர்ந்துதான் இப்படி. இன்னும் இதுல எங்களுக்கே தெரியாதது நெறைய."

அவர் காதில் விழுந்தது ஒன்றுதான். "லைன் இருக்குல்ல மேடம்?"

"இருக்கு."

பத்து வருட வழக்கில் ஜெயித்தவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தோம். ஒரு தோசை, மேலே அளந்து ஒரே ஒரு டீஸ்பூன் நெய். சர்வர் இரண்டாவது ஸ்பூனோடு வந்தபோது கையால் தட்டை மூடிக்கொண்டார். முதல் வாய்க்குக் கண்ணை மூடினார். நெய் செய்த வேலையோ, சாகமாட்டோம் என்று தெரிந்துவிட்ட நிம்மதியோ, தோசை முடிந்து காபி வந்தபோது எனக்கு எதிரே பழைய ஆள் உட்கார்ந்திருந்தார்.

"என் லெட்டருக்கு ஆர்டர் போட்டாச்சா?"

"இல்ல சார். நான் இன்னும் டைப் பண்ணலை. ஆர்டர் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி வாபஸ்னு எழுதிக் குடுத்தா போதும்."

என் பேனாவை வாங்கி, டம்ளரை நகர்த்திவிட்டு, அங்கேயே வாபஸ் கடிதம் எழுதினார். தேதியை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்தார்.

"நாலு நாளா ஏன் டைப் பண்ணலை?"

"டைப்ரைட்டர் ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ரிப்பேர்னா ஸ்டோர்ல எனக்கு ரிப்பேர் ஸ்லிப் வரணுமே. வரலையே."

"நெஜமா ரிப்பேர் இல்ல சார். உங்களுக்காகச் சொன்ன பொய்."

"பொய்யா இருந்தாலும் ஸ்லிப் போட்டுட்டுச் சொல்லணும்பா. யாராவது ஸ்டோர்ல வந்து செக் பண்ணினா என்ன பண்ணியிருப்ப? ரெண்டு வருஷம் ஆபீஸ்ல இருந்து என்ன கத்துக்கிட்ட நீ?"

பஸ் ஏறியும் விடவில்லை. மடிவாளாவில் ஆரம்பித்து, பொம்மனஹள்ளியில் சூடுபிடித்து, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியும் ஸ்லிப் போடாத என் குற்றத்தை விதவிதமாக விசாரித்துக்கொண்டே வந்தார். முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக, நான் வேறு எந்த பஸ்ஸிலும் போனதில்லை.