விசில் டீச்சர் போட்ட துருக்கி டீ

மனித குலத்தை ஒழுங்காக வரிசையில் நிறுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மதுரைப் பசுமலையில் நம்பியவர் விசில் டீச்சர் ஒருவர்தான். மீதிப் பாதிக்கும் அவரிடம் வழி இருந்தது. உரக்க ‘அட்டென்ஷன்’ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டதே தவிர, கழுத்தில் தொங்கிய விசிலை அவர் விடவில்லை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம், எங்களில் யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் லாரி வந்தால் ஓர் ஊதல், குடங்கள் எல்லாம் உயர வாரியாக நின்றுவிடும். ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தபோது ஊதினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்பட எல்லோரும் ஒரு கை தூரம் விட்டு நின்று சாப்பிடப் போனார்கள். நான் அந்தத் தெருவுக்குக் குடிபோன புதிதில் பைக்கைக் கோணலாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து விசில் வந்தது. அன்றிலிருந்து என் பைக் நேராக நிற்கிறது. நானும்தான்.

இப்பேர்ப்பட்டவரை எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருந்தார். அவருடைய கணவர். அதே பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் அவரை ‘ஹெட்கிளார்க்’ என்றுதான் கூப்பிடுகிறார். மனுஷன் சத்தமே போட மாட்டார். பேப்பரை முகத்திலிருந்து இறக்காமல் ஒரு வாக்கியம் சொல்வார். அதற்கு டீச்சர் அரைமணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தச் சண்டை கேட்காவிட்டால் எங்கள் வீட்டில் இட்லி வேகாது.

வீட்டுச் சண்டை முடிந்ததும் ஹெட்கிளார்க் இறக்கத்தில் இருக்கும் முருகேசன் டீக்கடைக்குப் போவார். காலையிலும் சாயங்காலமும் அங்கேதான். அவரைப்போல ஓய்வு பெற்ற நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து, வைகையில் தண்ணீர் வருவதிலிருந்து வாஷிங்டனில் யார் ஜெயிப்பது வரைக்கும் தீர்மானிப்பார்கள்.

அப்போதுதான் டீச்சர் போகும் சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம் துருக்கிக்குப் புறப்பட்டது. பைபிளில் சொல்லியிருக்கும் ஏழு சபைகள் இருந்த ஊர்களைப் பார்த்துவரும் பயணம். முருகேசன் கடை டீ கிடைக்காத தேசத்துக்கு வரமாட்டேன் என்று ஹெட்கிளார்க் சொல்லிவிட, டீச்சர் மட்டும் போனார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. இடிந்த தூண்களுக்கு நடுவே மதுரைக்காரர்கள் மட்டும் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள் என்று கேள்வி.

திரும்பி வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கல்லும் ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்தார்கள். டீச்சர் ஒரு டீயைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு கம்பளக் கடையில் உட்காரவைத்து, சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஆப்பிள் டீ கொடுத்திருக்கிறார்கள். பால் கிடையாது, தேயிலையும் கிடையாது. வெறும் பழமும் பட்டையும் கிராம்பும். டீச்சர் கேட்டுக்கேட்டு வாங்கிக் குடித்தாராம். கடைக்காரரும் குடிக்கக் குடிக்க ஒவ்வொரு கம்பளமாக விரித்துக் காட்டினாராம். கடைசியில் டீச்சர் எழுந்து, விரித்த கம்பளத்தை எல்லாம் அளவுப்படி சுருட்டி அடுக்கவைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பயணச் சாட்சி சொல்ல எழுந்தபோது ஏழு சபைகளை ஏழு வரியில் முடித்துவிட்டு, ஆப்பிள் டீக்கு வந்தார். அதற்கப்புறம் பாஸ்டர்தான் பாட்டு ஆரம்பித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

அத்தோடு அந்த டீ பேச்சு முடிந்திருக்கும். ஹெட்கிளார்க்குக்கு நெஞ்சு வலி வராமல் இருந்திருந்தால்.

அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சுகரும் கூடவே இருந்தது. பால் டீ, சீனி, வடை மூன்றையும் மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். நடக்கலாம், பேசலாம், சிரிக்கலாம், எதற்கும் தடையில்லை. ஆனால் ஹெட்கிளார்க் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். டீ குடிக்காதவனுக்கு டீக்கடையில் என்ன வேலை என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். பெஞ்சுக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். பாலில்லாத கட்டஞ்சாயாவைக் காய்ச்சல்காரன் குடிப்பது என்று தள்ளினார். கிரீன் டீயைக் குடித்துப் பார்த்து, வைக்கோலை அலசின தண்ணி என்றார். அப்புறம் அப்படிச் சொல்வதும் நின்றுபோனது. சவரம் செய்வது நின்றது. பேப்பர் பிரிக்காமல் கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் நான் கப்பலூர் கம்பெனியிலிருந்து வந்து பைக்கை நேராக நிறுத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் காம்பவுண்டு சுவர் ஓரமாக வந்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“தம்பி, அவரு என்னைய எதுத்துப் பேசுறதையே நிப்பாட்டிட்டாருப்பா.”

அவ்வளவு சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார். மறுநாள் ஒரு கூடை ஆப்பிளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

வீட்டிலேயே அந்தத் துருக்கி டீயைப் போட்டுவிடுவது என்று முடிவு. செய்முறை யாருக்குத் தெரியும்? நாக்கில் இருந்த ஞாபகம்தான். பட்டை, கிராம்பு போட்டிருந்தார்கள் என்பது நிச்சயம். மற்றபடி வாசனை வந்தால் சரி என்று அன்னாசிப்பூ, ஏலக்காய், பிரிஞ்சி இலை, ஜாதிபத்திரி எல்லாம் அள்ளிப்போட்டு, ஆப்பிளையும் நறுக்கிப்போட்டு, குக்கரில் வைத்துவிட்டார். தெரு முழுக்க மணம். எதிர்வீட்டு அம்மா வந்து, கல்யாண நாளா டீச்சர் என்று விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஹெட்கிளார்க் டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். சோதனைக்கு என்று எனக்கும் ஒரு டம்ளர் வந்திருந்ததால் நான் அங்கேதான் இருந்தேன்.

“கறி எங்க?” என்றார்.

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் வம்பு. டீச்சர் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டார். எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. புளிப்பு வேண்டும் என்று நெல்லிக்காயும் இஞ்சியும் கூட்டினார். இதற்கு ரசம் என்று ஏற்கெனவே பெயர் இருப்பதாக ஹெட்கிளார்க் சொன்னார். செம்பருத்திப் பூவைப் போட்டார். தலைக்குத் தேய்க்கவா குடிக்கவா என்று ஹெட்கிளார்க் கேட்டார். ஒவ்வொரு தோல்விக்கும் டீச்சர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. தோற்றுப்போன டீயையெல்லாம் குடித்தவன் நான். ஒரு மாதிரியான ஏப்பத்தோடு வேலைக்குப் போய்வந்தேன்.

பச்சைப் பழத்தைக் கொதிக்கவிட்டால் கூழாகிறது, காயவைத்துத்தான் போட வேண்டும் என்று ஒருநாள் பிடிபட்டது. ஆப்பிளை மெல்லிய வில்லையாக நறுக்கி, ஆரஞ்சுத் தோலையும் சேர்த்து மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டார். அணிலும் காக்காயும் வந்தன. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காக்காய்க்கும் ஊதினார். பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. விசில் கேட்கும்போதெல்லாம் அங்கே ஆட்டம் நின்றது. யாருக்கு ஃபவுல் என்று தெரியாமல் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் கோபமாக மாடிப்படி ஏறி வந்தார். வந்து பார்த்தால் தனக்கே டிரில் சொல்லிக்கொடுத்த டீச்சர். குதிகால் தானாகச் சேர்ந்துவிட்டது. கீழே இறங்கிப் போகும்போது அவர் கையில் அரை வேட்டி ஆப்பிள் இருந்தது. அவர் வீட்டு மாடியில் காக்காய் குறைவாம்.

இதற்கிடையில் எங்கள் கம்பெனியில் ஒரு புது மெஷினைப் பொருத்திக்கொடுக்கத் துருக்கியிலிருந்தே ஓர் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மத்தியான இடைவேளையில் ஓடிப்போய் ஆப்பிள் டீயின் பக்குவத்தைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் வீடுகளில் வெறும் கறுப்பு டீதான் குடிப்பார்களாம். ஆப்பிள் டீ வெளியூர்க்காரர்களுக்குக் கடைகளில் கொடுப்பது, அவர் வீட்டில் யாரும் போட்டுப் பார்த்ததே கிடையாது என்றார்.

இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று கப்பலூரிலிருந்து வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. டீச்சர் பட்டையை உடைத்துக்கொண்டே கேட்டார்.

“வந்தவுகளுக்குக் குடுக்கிறதுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கான்ல? அப்ப அதுதாம்ப்பா அவன் கையில இருக்கிறதுலயே ஒசத்தி” என்றார். பட்டை உடைவது நிற்கவே இல்லை.

கடைசியில் ஒருநாள் அமைந்துவிட்டது. காய்ந்த ஆப்பிள், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், ஒரு கை மாதுளை முத்து, விரல் நீளப் பட்டை, ஒன்றிரண்டு கிராம்பு, தட்டிய இஞ்சி. கொதிக்கவிடாமல் சின்னத் தீயில் மூடிவைத்து எடுத்தார். செம்புப் பாத்திரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு நிறம். சீனி போடாமலே நாக்கில் ஒரு தித்திப்பு நின்றது. முதலில் அதை டாக்டரிடம் கொண்டுபோய் அவரையே குடிக்கவைத்தார். சீனி சேர்க்காமல், அளவாகக் குடிக்கலாம் என்று அவர் சொன்னார். அதற்கு முன்னால் முழு டம்ளரையும் காலி செய்துவிட்டார் என்பது டீச்சர் தரப்புத் தகவல்.

ஹெட்கிளார்க் குடித்தார். கறி கேட்கவில்லை. ரசம் என்றும் சொல்லவில்லை. வெறும் டம்ளரை மறுபடி நீட்டினார்.

நான் கை தட்டப் போனேன். டீச்சர் தலையை ஆட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியே இறக்கத்தைக் காட்டினார். இன்னும் அவர் தெருவில் இறங்கவில்லையே என்று அர்த்தம்.

அடுத்த நாள் காலையில் டீச்சர் முருகேசன் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்த வாரம் பைக் ரிப்பேருக்குப் போயிருந்ததால் கம்பெனி பஸ்ஸுக்காக அங்கே நின்ற நான் பார்த்தது இது. பெரியவர்கள் நாலு பேரும் கிளாஸைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார்கள். டீச்சர் அந்த டீ நிறைந்த பிளாஸ்கை மேஜையில் வைத்து, முருகேசனிடம், ஹெட்கிளார்க் வந்தால் இதை உன் கடைக் கிளாஸில் ஊற்றிக் கொடு, எல்லாரும் பிடித்திருக்கிற கிளாஸ் மாதிரியே இருக்க வேண்டும் என்று சொன்னார். முருகேசன் பொறுமையான ஆள்தான். ஆனால் பிளாஸ்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. டீக்கடையில் வெளி டீ வைத்தால் என் தொழில் என்ன ஆவது என்று கேட்டார்.

டீச்சர் வழக்கமாக இந்த இடத்தில் ஊதியிருப்பார். ஊதவில்லை.

“அவரு இங்க வரணும் முருகேசா. வீட்டுல நான் ஒருத்திதான இருக்கேன். எம்புட்டு நேரம் எங்கூடயே பேசுவாரு?”

முருகேசன் பாலாடையைக் கரண்டியால் ஒதுக்கினார். பிறகு பிளாஸ்கை எடுத்து டீச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“சாமானை மட்டும் குடுத்துட்டுப் போங்க டீச்சர். ஹெட்கிளார்க் சாருக்கு எங்கடையில எங்கையாலதான் டீ.”

ரெண்டு நாள் டீச்சர் அவருக்குப் பாடம் நடத்தினார். துருக்கி டீயை யாரும் ஆற்றக் கூடாது என்று எவ்வளவோ சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் முருகேசன் இறங்கி வரவில்லை. ஆற்றாத டீயை மனுஷன் குடிப்பானா என்று கேட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு காலையில் ஹெட்கிளார்க் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கம்பு ஊன்றிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். கடையில் டீ சொல்லியிருக்கிறது, ஆறிப்போகும் என்று மட்டும் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலேயே கிளம்பி, டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக மறைந்து நின்றுகொண்டார். அந்த உடம்புக்கு அந்தக் கம்பம் போதாது. பஸ்ஸுக்குப் போன என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

பெஞ்சுக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். யாரும் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. முருகேசன் அந்தச் செம்பு நிற டீயை ஒரு கஜ நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். துருக்கியில் யாரும் பார்த்திருக்க முடியாத நுரையோடு அது கிளாஸில் இறங்கியது. ஹெட்கிளார்க் ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“முருகேசா, கிராம்பு கூடிப்போச்சு. வீட்டுல அவ போட்டா இம்புட்டுக் காட்டம் இருக்காது.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஹெட்கிளார்க் பேப்பரை வாங்கிப் பிரித்தார். நாலு மாதமாகத் தான் இல்லாத சமயத்தில் நாட்டை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். குரல் சாலைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. டீச்சரை வீட்டில் விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் கடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீ போப்பா. அவரு பேசுறதக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு வாரேன்.”

அன்றைக்கு நானும் பஸ்ஸை விட்டுவிட்டேன்.